16 ஆண்டுகளும் ஒரு கீபோர்டும்

இன்றைய இசைச் சந்தையில் ஒரு பாடலின் தலையெழுத்தை அதன் முதல் அரை நிமிடமே எழுதிவிடுகிறது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் முப்பது விநாடி ஓடினால்தான் ஒரு பாடல் கேட்கப்பட்டதாகக் கணக்கு. அதற்குள் கேட்பவரின் விரல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடக் கூடாது என்பதற்காக, முன்னிசையைச் சுருக்கி, பல்லவியை முன்னால் இழுத்து, எடுத்த எடுப்பிலேயே குரலைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட காலத்தில், 2024 செப்டம்பரில், இங்கிலாந்தின் தி க்யூர் என்ற ராக் இசைக்குழு 16 ஆண்டுகளுக்குப் பிறகு தன் முதல் புதிய பாடலை வெளியிட்டது. ‘அலோன்’ என்ற அந்தப் பாடல் ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் மூன்று நிமிடம் கடந்த பிறகுதான் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித்தின் குரல் ஒலிக்கிறது. அதுவரை ஒலிப்பது மெதுவாக, ஓங்கி விழும் டிரம்ஸ், கரகரத்த பேஸ், இவை இரண்டுக்கும் மேலே, அகன்று விரிந்து, அவசரமே இல்லாமல் இறங்கி இறங்கி வரும் சிந்தசைசர். நவம்பர் 1ஆம் தேதி முழு ஆல்பமும் வந்தது. பெயர் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’. எட்டே பாடல்கள், 49 நிமிடம். பிரிட்டன் பட்டியலில் அது நேராக முதலிடத்துக்குப் போனது. 1992இல் வந்த ‘விஷ்’ ஆல்பத்துக்குப் பிறகு, அதாவது 32 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தக் குழுவுக்குக் கிடைத்த முதலிடம் அது.

இந்த வெற்றிக்குப் பலரும் பல காரணம் சொன்னார்கள். நீண்ட காத்திருப்பு என்றார்கள். எண்பதுகளின் மீது இன்றைய இளைஞர்களுக்கு இருக்கும் மோகம் என்றார்கள். ஸ்மித்தின் குரல் வயதாகாமல் இருப்பதைச் சொல்லி வியந்தார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்த ஆல்பத்தைத் தூக்கி நிறுத்துவது வேறொன்று. தி க்யூரின் கதையில் கிட்டாரைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம், பேஸைப் பற்றிப் பேசியவர்களும் உண்டு. கீபோர்டை மட்டும் பின்னணி அலங்காரமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் இந்தக் குழு எப்போதெல்லாம் தன் ஆழத்துக்குப் போயிருக்கிறதோ, அப்போதெல்லாம் அதற்கு வழி திறந்துவிட்டது கீபோர்டுதான். அதை ஒதுக்கிவைத்த காலத்தில் அந்த ஆழம் கைநழுவியது. திரும்பி வந்தபோது, மரணத்தைப் பற்றிப் பேசுவதற்கான வேகமும் இடைவெளியும் கூடவே வந்தன. சிந்தசைசர் இந்த ஆல்பத்துக்குப் பூசிய சாயம் அல்ல. பாடல்கள் எழும்பி நிற்கும் தரையே அதுதான்.

இதைச் சரிபார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். லண்டனுக்குத் தெற்கே உள்ள கிராலி என்ற ஊரில், 1976இல், பள்ளித் தோழர்களின் கூட்டாகத் தொடங்கியது இந்தக் குழு. 1979இல் வந்த முதல் ஆல்பத்தில் மூன்று பேர்: ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். விறைப்பான, குறுகத் தரித்த பாடல்கள். அடுத்த ஆண்டே ‘செவன்டீன் செகண்ட்ஸ்’ ஆல்பத்துக்காக மேத்யூ ஹார்ட்லி என்ற கீபோர்டுக் கலைஞர் சேர்ந்தார். ‘எ ஃபாரஸ்ட்’ பாடலின் தொடக்கத்தில் வரும் மெல்லிய, குளிர்ந்த சிந்த் ஒலியை இப்போது கேட்டாலும், குழு ஓர் அறையிலிருந்து வெட்டவெளிக்கு வந்துவிட்டது தெரியும். ஹார்ட்லி அந்த ஆண்டே விலகிப் போனார், ஆனால் அவர் திறந்துவிட்ட கதவு மூடவில்லை. 1981இன் ‘ஃபெய்த்’ ஆல்பத்தில் ‘ஆல் கேட்ஸ் ஆர் கிரே’ என்றொரு பாடல் இருக்கிறது; பெரும்பாலும் கீபோர்டும் தாளமும்தான். ஸ்மித்துக்கு அப்போது 21 வயது. துக்கத்தைக் கத்திச் சொல்லாமல் தாழ்ந்த குரலில் சொல்ல முடியும் என்று அந்தப் பாடலில்தான் அவர் முதல் தடவையாக முழுமையாகக் காட்டினார். 1983இல் ‘தி வாக்’ வந்தபோது இதே சிந்தசைசர் முற்றிலும் வேறு முகம் காட்டியது. துள்ளலான நடனப் பாட்டு அது. பிரிட்டனின் முதல் இருபதுக்குள் அவர்களைக் கொண்டுபோன முதல் பாட்டும் அதுதான். கருவி ஒன்றே, பயன் வேறு. சிந்த் என்றாலே எண்பதுகளின் பளபளப்பு என்று முடிவு கட்டுபவர்கள் இந்த இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.

1989 மே மாதம் வெளிவந்த ‘டிஸின்டெக்ரேஷன்’தான் இந்த வழியின் உச்சம். அதற்கு முன்பே, 1987இல், ரோஜர் ஓ’டொனல் கீபோர்டுக்கு வந்திருந்தார். ஆல்பத்தின் முதல் பாடலான ‘பிளெயின்சாங்’ சிறு மணிகளின் கிணுகிணுப்பில் தொடங்கி, சட்டென ஒரு பெரும் சுவர் எழுவதுபோல சிந்த் ஒலியில் நிறைகிறது. அங்கேயும் குரல் வர இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்த ஒலி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கிட்டார்க் கம்பியை மீட்டினால் ஒலி அந்தக் கணத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அடுத்த கணத்திலிருந்து தேயத் தொடங்கிவிடும். அதனால் கிட்டார் வாசிப்பவர் மறுபடி மறுபடி மீட்டியாக வேண்டும். ஒவ்வொரு மீட்டலும் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டும். சிந்தசைசரில் ஒலி எழும் வேகத்தையும் அடங்கும் வேகத்தையும் வாசிப்பவரே வைத்துக்கொள்ளலாம். கட்டையை அழுத்தியதும் ஒலி மெல்ல எழ வைக்கலாம். விரலை எடுத்த பிறகும் நெடுநேரம் தங்க வைக்கலாம். விரல் கட்டையில் இருக்கும்வரை ஒலி தேயாது. ஒரு சுரக்கூட்டு அடங்குவதற்குள் அடுத்தது எழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாது. கச்சேரியில் தம்பூரா செய்யும் வேலைக்கு இது மிக அருகில் வருகிறது. பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே நம்மை ஓர் இடத்தில் உட்காரவைத்துவிடும், அவர் நிறுத்தினாலும் அந்த இடம் கலையாது. கிட்டாரை வைத்து இதைச் செய்யவே முடியாது என்பதல்ல. செய்யலாம், எதிரொலிக் கருவிகள் உண்டு. ஆனால் கிட்டாரின் இயல்புக்கு எதிராகப் போராடித்தான் செய்ய வேண்டும்.

இனி எதிர்ப்பக்கத்துச் சான்று. 2005இல் ஸ்மித் ஒரு முடிவெடுத்தார். கீபோர்டு வாசித்த ஓ’டொனலும், முன்பு கீபோர்டும் பிறகு கிட்டாரும் வாசித்துவந்த பெரி பமோன்ட்டும் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். பழைய கிட்டார்க் கலைஞர் போர்ல் தாம்ப்சன் திரும்பி வந்தார். தி க்யூர் இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் கொண்ட நால்வர் குழுவானது. கீபோர்டுக்கென்று ஆள் கிடையாது. 2008 அக்டோபரில் வந்த ‘4:13 ட்ரீம்’ அந்த நால்வரின் ஆல்பம். இரட்டை ஆல்பமாக வர வேண்டியது, 13 பாடல்களாகச் சுருங்கி வந்தது. சுறுசுறுப்பு இருக்கிறது, மெட்டுகள் இருக்கின்றன, ஸ்மித்தின் குரலும் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் பாடல்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடுகின்றன. எதுவும் மனத்தில் உட்காருவதில்லை. நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதன் முதல் பாடலான ‘அண்டர்னீத் தி ஸ்டார்ஸ்’ ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் நிதானமான பாட்டு. ‘பிளெயின்சாங்’கின் விரிவைக் கிட்டார்களை மட்டும் வைத்து எட்டப் பார்த்த முயற்சி அது. கிட்டத்தட்ட எட்டியும் விட்டது. ஆல்பத்தின் மிகச் சிறந்த பாட்டும் அதுதான். ஆனால் அந்த நிலத்தில் குழுவால் இரண்டாவது பாடலுக்குத் தங்க முடியவில்லை. அடுத்த பாட்டிலிருந்து பழைய ஓட்டம் தொடங்கிவிடுகிறது.

நீக்கப்பட்ட ஓ’டொனல் அந்த இடைவேளையில் என்ன செய்தார் என்பதும் இந்தக் கதைக்கு முக்கியம். 2006இல் அவர் வெளியிட்ட ‘தி ட்ரூத் இன் மீ’ என்ற தனி ஆல்பத்துக்கு மினிமூக் வாயேஜர் என்ற ஒரே சிந்தசைசரைத்தான் பயன்படுத்தினார். ஒரே கருவிக்குள் எத்தனை நிறம், எத்தனை தூரம், எத்தனை வெப்பம் இருக்கிறது என்று தேடிப் பார்த்த வேலை அது. குழுவுக்குப் பின்னால் நின்று இடம் நிரப்பும் கீபோர்டுக்காரர் இப்படி ஒரு பயிற்சியில் இறங்க மாட்டார். 2011இல் சிட்னி ஓபரா ஹவுஸில் முதல் மூன்று ஆல்பங்களையும் முழுமையாக வாசிக்கும் நிகழ்ச்சிகளுக்காக அவரை மறுபடி அழைத்தார்கள். அதிலிருந்து அவர் குழுவிலேயே இருந்துவிட்டார். மறு ஆண்டு, டேவிட் போவியோடு பல ஆண்டுகள் வாசித்த ரீவ்ஸ் கேப்ரெல்ஸ் கிட்டாருக்கு வந்தார். பேஸில் சைமன் கேலப், டிரம்ஸில் ஜேசன் கூப்பர். புதிய ஆல்பத்தில் நாம் கேட்பது ஸ்மித்தையும் சேர்த்து இந்த ஐவரைத்தான்.

2019இல் வேல்ஸ் நாட்டுப்புறத்தில் இருக்கும் ராக்ஃபீல்டு ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. ஒரு பண்ணையை ஒட்டி அமைந்த கூடம் அது. 1975இல் குயீன் குழு தன் ‘பொஹீமியன் ராப்ஸடி’ பாடலின் வேலையைத் தொடங்கியதும் அங்கேதான். 2019இலேயே ஆல்பம் வந்துவிடும் என்று ஸ்மித் சொன்னார். வரவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் தாயையும் தந்தையையும் அண்ணன் ரிச்சர்டையும் இழந்திருந்தார். சொற்கள் பிடிபடவில்லை என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். 2022 அக்டோபரில் லாட்வியத் தலைநகர் ரீகாவில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில், இன்னும் வெளிவராத பாடல்களை மேடையில் வாசிக்கத் தொடங்கினார்கள். கச்சேரி ‘அலோன்’ பாட்டில் தொடங்கும். முக்கியப் பகுதி ‘எண்ட்சாங்’ பாட்டில் முடியும். ஆல்பத்திலும் அவை அதே இடத்தில்தான் இருக்கின்றன, முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று. இதுவரை கேட்டிராத ஒரு பாட்டின் குரலில்லாத மூன்று நிமிடத்தை ஆயிரக்கணக்கானோர் நின்று கேட்பார்களா என்பது மேடையில் பல மாதம் சோதித்துப் பார்க்கப்பட்டது. கேட்டார்கள். அந்த நம்பிக்கையோடுதான் முன்னிசையை ஒரு விநாடிகூடக் குறைக்காமல் ஆல்பத்தில் வைத்தார்கள் என்று கொள்ளலாம்.

‘அலோன்’ பாடலுக்கு வித்திட்டது 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் எர்னஸ்ட் டௌசனின் ‘டிரெக்ஸ்’ என்ற கவிதை. எல்லாம் தீர்ந்து அடிமண்டி மட்டும் மிஞ்சிய நிலையைப் பேசும் கவிதை அது. அந்த நிலையைச் சொல்லில் சொல்வதற்கு முன் ஒலியில் கட்டி முடித்துவிடுவதுதான் இந்த முன்னிசையின் வேலை. குரல் வரும்போது நமக்கு அதில் புதிய செய்தி ஒன்றும் இல்லை, ஏற்கெனவே தெரிந்துவிட்டதற்குத்தான் அது பெயர் வைக்கிறது. இரண்டாவது பாடலான ‘அண்ட் நத்திங் இஸ் ஃபாரெவர்’ வேறு வகை. பியானோவில் தொடங்கி, சிந்த் தந்திகள் அடுக்கடுக்காக ஏறி, இரண்டரை நிமிடத்துக்கு மேல் வளர்ந்த பிறகு பாட்டு வருகிறது. மரணப் படுக்கையில் கூட இருப்பதாக ஒருவருக்குக் கொடுத்த வாக்கும், அதைக் காப்பாற்ற முடியாமல் போனதும் அதன் பின்னணி. இதையே மூன்று நிமிட கிட்டார்ப் பாட்டாக எழுதியிருந்தால் அது மன்னிப்புக் கேட்கும் கடிதம் ஆகியிருக்கும். இங்கே அந்தப் படுக்கையருகில் காத்திருக்கும் நேரமே பாட்டுக்குள் இருக்கிறது. எதுவும் செய்ய முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் உட்கார்ந்திருக்கும் நேரம்.

ஆல்பத்தின் நடுநாயகம் ‘ஐ கேன் நெவர் சே குட்பை’. அண்ணன் ரிச்சர்டுக்கான பாட்டு. தொலைவில் இடி உருளும் ஒலி, பிறகு பியானோவில் ஒரு சின்னத் தொடர். குழந்தைகூட ஒரு விரலால் வாசித்துவிடக்கூடிய எளிய தொடர் அது. ஆறு நிமிடப் பாட்டு முழுக்க அந்தத் தொடர் விடாமல் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் கீழே சிந்த் ஒலி மெல்ல நிறம் மாறுகிறது. ஒரு சுற்றில் கனக்கிறது, இன்னொரு சுற்றில் விலகிப் பியானோவைத் தனியே விடுகிறது. மேலே இருப்பது மாறவே இல்லை, கீழே இருப்பது மாறிக்கொண்டே இருக்கிறது. இழப்பு வந்த வீட்டில் நடப்பதும் இதுதான். செய்தி ஒன்றே, திரும்பத் திரும்ப அதே செய்தி. ஒவ்வொரு முறையும் அது வந்து தைக்கும் இடம் வேறு. ஸ்மித் இந்தப் பாட்டைப் பல விதமாக எழுதிப் பார்த்துவிட்டு, கடைசியில் அண்ணன் இறந்த இரவில் நடந்ததை நேராகச் சொல்லும் எளிய வடிவத்துக்கு வந்து சேர்ந்தார். வார்த்தைகள் அவ்வளவு எளிமையாக இருக்க முடிந்ததற்குக் காரணம், பாரத்தைத் தாங்க வேறொன்று இருந்தது. பாட்டின் நடுவில் கேப்ரெல்ஸின் கிட்டார் ஒரு முறை எழுந்து அழுகிறது. அது அவ்வளவு தைப்பதற்குக் காரணமும் அதுவரை கிட்டார் அடக்கி வாசிக்கப்பட்டதுதான்.

‘எண்ட்சாங்’ பத்து நிமிடம் இருபத்து மூன்று விநாடி. அதில் ஆறு நிமிடத்துக்கு மேல் குரலே இல்லை. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கியபோது பத்து வயதுச் சிறுவனாக இருந்த ஸ்மித், ஐம்பது ஆண்டு கழித்து அதே வானத்தைப் பார்த்து, அன்று எதிர்பார்த்த எதிர்காலம் எங்கே போயிற்று என்று கேட்பதிலிருந்து பிறந்த பாட்டு. கூப்பரின் டிரம்ஸ் அடிவயிற்றில் இடிப்பதுபோல ஒரே நடையில் உருண்டுகொண்டே போகிறது. அதன் மேல் சிந்த் சுரக்கூட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. கிட்டார் கிறீச்சிட்டுக் கிழிக்கிறது, ஆனால் தரை அசைவதில்லை. வயதானவர் ஒருவர் தன் அறுபது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்க எத்தனை நேரம் வேண்டும் என்று கேட்டால், ஆறு நிமிடம் அதிகம் என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் ‘டிஸின்டெக்ரேஷன்’ ஆல்பத்தின் மறுபதிப்புதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நீண்ட முன்னிசை, அகன்ற சிந்த், மெதுவான தாளம் என்று வார்ப்பு ஒன்றாகவே தெரிகிறது. ஆனால் அந்த ஆல்பத்தின் சோகம் முப்பதை நெருங்கும் இளைஞனின் சோகம். வயது கூடுகிறதே என்ற பயமும், காதல் கைவிட்டுப் போகுமோ என்ற பயமும் அதில் இருந்தன. இரண்டுமே இன்னும் நடக்காதவை, கற்பனையில் பெரிதானவை. அதனால் அங்கே சிந்த் ஒரு கனவைப்போல மினுங்குகிறது. ஓரங்களில் மணியும் சிலிர்ப்பும் இருக்கின்றன. ‘லவ்சாங்’ போன்ற ஒரு காதல் பாட்டுக்கும் அதில் இடம் இருந்தது. அமெரிக்கப் பட்டியலில் அது இரண்டாம் இடம்வரை போனது. 2024இன் ஸ்மித்துக்கு 65 வயது. அன்று பயந்தது நடந்துவிட்டது. புதிய ஆல்பத்தில் மினுமினுப்பு இல்லை. சிந்த் ஒலி தாழ்ந்து, தடித்து, சில இடங்களில் அழுக்கேறி ஒலிக்கிறது. வார்ப்பு பழையதாக இருக்கலாம், அதில் ஊற்றியிருப்பது வேறு உலோகம். ஒரு கலைஞன் முப்பது வயதில் கண்டுபிடித்த வடிவத்துக்கு உரிய பொருளை வாழ்க்கை 60 வயதில் கொண்டுவந்து தரும்போது, அந்த வடிவத்தைத் திரும்ப எடுக்காமல் இருப்பதுதான் பிழை.

இன்னொரு எதிர்ப்பு ராக் ரசிகர்களிடமிருந்து வருவது. சிந்த் தந்தியொலி ஒரு குறுக்குவழி, நாலு கட்டையை அழுத்திப் பிடித்தால் யாருக்கும் பிரம்மாண்டம் கிடைத்துவிடும். கம்பியில் விரல் தேய வாசிக்கும் கிட்டாரில்தான் நேர்மை இருக்கிறது என்கிறார்கள். அழுத்திப் பிடித்தால் பிரம்மாண்டம் கிடைப்பது உண்மை. எத்தனையோ படங்களில், எத்தனையோ மேடைகளில் அந்த மலிவான பிரம்மாண்டத்தை நாம் கேட்டுச் சலித்திருக்கிறோம். அதனாலேயே வேறுபாட்டைக் காதால் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலிவான வேலையில் சிந்த் பாட்டின் உச்சத்தில் வந்து சேரும், ஏற்கெனவே இருக்கும் உணர்ச்சியை ஊதிப் பெரிதாக்குவதற்காக. இங்கே அது முதலில் வருகிறது. உச்சத்தில் பெரும்பாலும் பின்வாங்கிவிடுகிறது. ‘எ ஃப்ரஜைல் திங்’ பாட்டில் பியானோவும் கேலப்பின் பேஸும்தான் முன்னால் நிற்கின்றன. சிந்த் தேவையான அளவுக்குமேல் ஓர் அடிகூட எடுத்துவைப்பதில்லை. அந்தப் பாட்டில் குரலும் சீக்கிரமே வந்துவிடுகிறது. எங்கே நீட்ட வேண்டும், எங்கே கூடாது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை இது.

மூன்றாவது எதிர்ப்புதான் வலுவானது. ஓ’டொனல் திரும்பி வந்தது 2011இல். ஆல்பம் வந்தது 2024இல். கீபோர்டுதான் காரணம் என்றால் நடுவே 13 ஆண்டுகள் எங்கே போயின? ‘போர்னோகிராஃபி’ என்ற 1982 ஆல்பம் பெரும்பாலும் டிரம்ஸையும் கிட்டாரையும் வைத்தே இருளின் அடிவரை போகவில்லையா? இரண்டையும் ஏற்கத்தான் வேண்டும். கீபோர்டு இருந்தால் மட்டும் பாட்டு பிறந்துவிடாது; சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். அது அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில்தான் ஒவ்வொன்றாக ஸ்மித்தின் வீட்டுக் கதவைத் தட்டியது. 1982இன் இருளோ கோபத்தின் இருள். கோபத்துக்கு மோதல் வேண்டும். மோதலுக்குக் கிட்டாரும் டிரம்ஸும் போதும். துக்கத்துக்கு வேண்டியது நேரம். 2008இல் ஸ்மித்திடம் கருவியும் இல்லை, பொருளும் முழுதாக வந்து சேரவில்லை. 2019இல் இரண்டும் ஒரே கூடத்தில் சந்தித்தன. எனவே கீபோர்டு இந்த ஆல்பத்தைப் பெற்றது என்று நான் வாதிடவில்லை. கீபோர்டு இல்லாமல் இந்தத் துக்கம் இந்த வடிவத்தில் பிறந்திருக்காது என்கிறேன்.

ஆல்பத்தில் குறை இல்லாமல் இல்லை. நாலாவது, ஐந்தாவது பாடல்களான ‘வார்சாங்’, ‘ட்ரோன்:நோட்ரோன்’ இரண்டிலும் கேப்ரெல்ஸின் கிட்டார் முழுதாகக் கட்டவிழ்கிறது. முதலாவது ஹார்மோனியம் போன்ற இழுவையில் தொடங்கிப் பிறகு இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. இரண்டாவது, வீட்டுத் தோட்டத்துக்கு மேல் ஒரு ட்ரோன் வந்து படம்பிடித்த எரிச்சலில் பிறந்தது. அந்த எரிச்சலைத் தாண்டி அது அதிகம் போகவில்லை. மாற்றத்துக்காக இப்படி ஒரு பகுதி தேவை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஆல்பம் தன் சொந்தக் குரலை விட்டு விலகுவது கிட்டார் தரையைக் கைப்பற்றும் இந்த ஒன்பது நிமிடத்தில்தான் என்பதும் கவனிக்க வேண்டியது. ஒலிக்கலவையும் இன்னும் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம். ஸ்மித்தும் பால் கார்க்கெட்டும் சேர்ந்து தயாரித்த ஆல்பம் இது. எல்லா ஒலியும் ஒரே உயரத்தில் நெருக்கியடித்து நிற்பதால், சிந்த்தின் மெல்லிய நிறமாற்றங்கள் சில இடங்களில் அமுங்கிப்போகின்றன. இவ்வளவு பொறுமையான இசைக்கு இவ்வளவு சத்தம் தேவையில்லை.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு சிந்த்தோடு திரும்பிய குழு இது மட்டும் அல்ல. ஒன்பது ஆண்டு கழித்து 2022இல் பிளசீபோ குழு வெளியிட்ட ‘நெவர் லெட் மீ கோ’ ஆல்பத்திலும் சிந்தசைசர் நிறையவே உண்டு. கண்காணிப்பையும் சுற்றுச்சூழல் அழிவையும் பேசும் அந்த ஆல்பத்தில் சிந்த் ஊசியைப்போலக் குத்துகிறது; இன்றைய பதற்றத்தைக் காட்ட அது பொருத்தமான பயன்பாடு. அடிப்படையிலேயே சிந்த் குழுவான டெபெஷ் மோட், தன் உறுப்பினர் ஆண்டி ஃப்ளெச்சர் இறந்த மறு ஆண்டு, 2023இல், மரணத்தையே தலைப்பாகக் கொண்ட ‘மெமென்டோ மோரி’யை வெளியிட்டது. அதன் வறண்ட, எலும்பு தெரியும் ஒலியும் சிறப்பானது. ஆனால் இந்த இரண்டிலும் பாட்டு தொடங்கியதும் மனிதக் குரல் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. இசையை மட்டும் நம்பி மூன்று நிமிடம், ஆறு நிமிடம் ஒதுங்கி நின்ற தைரியம் தி க்யூருக்குத்தான் இருந்தது. 2025 ஜூனில் இதே பாடல்களை ஃபோர் டெட், ஆர்பிட்டல் முதலிய மின்னணு இசைக் கலைஞர்கள் மறுகலவை செய்த ‘மிக்ஸஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ வந்தது. அதில் ஸ்மித் தனக்கு வரும் பங்கை, போரில் சிக்கிய குழந்தைகளுக்காக உழைக்கும் வார் சைல்டு அமைப்புக்குக் கொடுத்தார்.

இந்த ஆல்பத்தைக் கேட்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடல் வரிசையை மாற்றாதீர்கள். முன்னிசையைத் தள்ளிவிட்டுக் குரல் வரும் இடத்துக்குத் தாவாதீர்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் இதன் கீழ்த்தளம் கேட்காது, நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். ‘அலோன்’ பாட்டின் முதல் மூன்று நிமிடத்தை முழுமையாகக் கொடுத்துப் பாருங்கள். அது பிடிக்கவில்லை என்றால் மீதி ஏழு பாடல்களும் உங்களுக்கானவை அல்ல. பிடித்துவிட்டால், ‘எண்ட்சாங்’ முடியும்வரை அந்த 49 நிமிடத்துக்கு வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.